பழைய ஷூட்டர்கள் எளிதா, கடினமா? பதில் கீபோர்டில் இருக்கிறது

2024 ஆகஸ்டில் டூம், டூம் 2 என்ற சுடும் விளையாட்டுகள் இரண்டும் ஒரே தொகுப்பாக மறுபடி வெளிவந்தன. 2021-இல் குவேக்கும் 2023-இல் சிஸ்டம் ஷாக்கும் இதேபோல் புதுவடிவம் பெற்றிருந்தன. முப்பது வருடப் பழைய விளையாட்டுகளை முதல்முறையாகத் தொடுகிறவர்கள் இதனால் கூடினார்கள். கூடவே ஒரு குழப்பமும் வந்தது. ஒரு சாரார், "இதையா கஷ்டம் என்றார்கள்? ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்" என்கிறார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மூல வடிவத்தை எந்த மாற்றமும் செய்யாமல் ஓட்டிப் பார்த்த இன்னொரு சாரார், "திரும்பவே முடியவில்லை, எப்படி விளையாடினார்கள்?" என்று கேட்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் அவர்கள் விளையாடியது ஒரே விளையாட்டு அல்ல. எதிரிகள், வரைபடம், துப்பாக்கி எல்லாம் அதேதான். கை மட்டும் வேறு. இந்த வகை விளையாட்டில் கடினம் என்பதில் பாதி அந்தக் கையில்தான் இருக்கிறது.

மூன்று வகைக் கடினம்

ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர் என்றால், விளையாடுபவரின் கண் வழியாகவே உலகத்தைக் காட்டும் சுடும் விளையாட்டு. நம் உருவம் திரையில் தெரியாது; கையும் துப்பாக்கியும் மட்டும் கீழே தெரியும். இந்த வகையில் "கடினம்" என்று பொதுவாகச் சொல்வதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் மீதியைப் புரிந்துகொள்வது சுலபம்.

1. எதிரியின் கடினம். எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு வேகம், எவ்வளவு சேதம் செய்கிறார்கள்.
2. கையின் கடினம். நாம் நினைத்ததைச் செய்ய எத்தனை விசை, எவ்வளவு நேரம் தேவைப்படுகிறது.
3. இழப்பின் கடினம். செத்தால் எவ்வளவு தூரம் பின்னால் போகிறோம்.

மெனுவில் நாம் தேர்ந்தெடுக்கும் கடின நிலை பெரும்பாலும் முதல் வகையை மட்டுமே மாற்றும். இரண்டாவது வகையை எந்த மெனுவும் சொல்லாது. இந்த விளையாட்டுகளின் தொண்ணூறுகள் வரலாறே அந்த இரண்டாவது வகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோன கதைதான்.

கட்டம் கட்டமாக நகர்ந்த காலம்

1973-இல் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில், இம்லாக் பிடிஎஸ்-1 என்ற கணினியில் மேஸ் வார் பிறந்தது. கட்டங்களால் ஆன புதிர்ப்பாதை. ஒரு விசை அழுத்தினால் ஒரு கட்டம் முன்னே. இன்னொன்று அழுத்தினால் சரியாக 90 பாகை திரும்புதல். குறி பார்க்கும் வேலையே கிடையாது. எதிரி நேர்கோட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் ஒரே கேள்வி. ஆனாலும் மூலையில் எட்டிப் பார்க்க ஒரு விசை அதிலேயே இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1980-இல் அடாரியின் பேட்டில்சோன் வந்தது. இரண்டு கைப்பிடிகள், ஒவ்வொன்றும் டாங்கியின் ஒரு பக்கச் சங்கிலிக்கு. ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளினால் டாங்கி நின்ற இடத்தில் சுழலும். ஓட்டுவதே அங்கே திறமை.

வூல்ஃபென்ஸ்டைன் 3டி: தோட்டாவுக்கு விலக முடியாது

ஐடி சாஃப்ட்வேர் 1992 மே மாதம் வெளியிட்ட வூல்ஃபென்ஸ்டைன் 3டி-யில்தான் நாம் அறிந்த வடிவம் தெளிவாகிறது. அம்புக்குறி விசைகள் நடக்கவும் திரும்பவும், கண்ட்ரோல் சுட, ஸ்பேஸ் பார் கதவு திறக்க, ஷிஃப்ட் ஓட. ஆல்ட்டை அழுத்திக்கொண்டால் அம்புக்குறிகளின் வேலை மாறும்: திரும்புவதற்குப் பதில் பக்கவாட்டில் நகரலாம். இந்தப் பக்கவாட்டு நகர்வுக்கு ஸ்ட்ரேஃப் என்று பெயர். இந்தச் சொல் அடிக்கடி வரும்.

ஏன் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட்? கீபோர்டுக்குள் விசைகள் வரிசையும் நெடுவரிசையுமாகப் பின்னப்பட்ட கம்பிகளில் உட்கார்ந்திருக்கின்றன. சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எது அழுந்தியது என்று சாதாரணக் கீபோர்டுக்குத் தெரியாமல் போகும். ஆனால் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றும் மற்ற விசையோடு சேர்த்து அழுத்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அதனால் அவற்றைப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் வராதபடி இணைத்திருப்பார்கள். ஓடிக்கொண்டே சுட வேண்டிய விளையாட்டுக்கு அவை பொருத்தமான விசைகள்.

சரி, எதிரிகள்? வூல்ஃபென்ஸ்டைன் காவலர்கள் சுடும் தோட்டா பறந்து வருவதில்லை. அவர்கள் சுட்ட கணத்திலேயே நிரல் ஒரு தாயம் உருட்டி, பட்டதா இல்லையா என்று முடிவு செய்துவிடும். தூரம் கூடினால் படும் வாய்ப்பு குறையும். நாம் ஓடிக்கொண்டிருந்தாலும் குறையும். பட்டால் எவ்வளவு என்பதும் தூரத்தைப் பொறுத்தது: மிக அருகில் அதிகபட்சம் 63, தொலைவில் அதிகபட்சம் 15. நம் உயிர் 100. ஆகவே வந்த குண்டுக்கு விலகுவது என்ற திறமையே இங்கே இல்லை. யார் யாரை முதலில் பார்க்கிறார்கள், எவ்வளவு தூரத்தில் பார்க்கிறார்கள் என்பதுதான் ஆட்டம்.

இதை நான் குறையாகப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பும் கையைத் தெரிந்துகொண்டு செய்த வடிவமைப்பு இது. சுவர்கள் எல்லாம் செங்கோணத்தில், தரை ஒரே மட்டம், மேலே கீழே பார்க்கத் தேவையே இல்லை.

கடின நிலைகள் நான்கு. மிக எளிதான நிலையில் வீரனின் முகத்துக்குக் குழந்தைக் குல்லாயும் வாயில் சூப்பானும் மாட்டி, "அப்பா, நான் விளையாடலாமா?" என்று கேட்டார்கள். அந்த நிலையில் நமக்கு விழும் சேதம் கால்வாசிதான். நிலை உயர உயரக் காவலர்கள் கூடுவார்கள். சாதாரணக் காவலரின் உயிர் எந்த நிலையிலும் 25; ஆனால் முதல் பெருவில்லன் ஹான்ஸ் க்ரோஸின் உயிர் 850, 950, 1050, 1200 என்று ஏறும். மூன்றாவது வகைக் கடினத்துக்கு காசு போட்டு விளையாடும் ஆர்கேட் காலத்து மிச்சமாக உயிர் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் இருந்தன. ஆனால் எங்கு வேண்டுமானாலும் சேமிக்க முடிந்ததால் அவற்றுக்குப் பெரிய அர்த்தம் இல்லை.

டூம்: கையின் வேகத்தை அளந்து செய்த எதிரிகள்

1993 டிசம்பர் 10 அன்று டூம் வெளியானது. உயிர் எண்ணிக்கையும் மதிப்பெண்ணும் போயின. செத்தால் கைத்துப்பாக்கியோடு அதே கட்டத்தின் தொடக்கத்துக்கு; அவ்வளவுதான். விசைகள் ஏறக்குறைய பழையவையே. ஸ்ட்ரேஃபுக்கு மட்டும் காற்புள்ளி விசையும் முற்றுப்புள்ளி விசையும் தனியாகக் கிடைத்தன.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். டூம் தன் உலகத்தை வினாடிக்கு 35 முறை கணக்கிடுகிறது. அந்த ஒவ்வொரு துடிப்புக்கும் டிக் என்று பெயர். கீபோர்டில் திரும்பும் விசையை அழுத்தினால் முதல் 6 டிக்குகளுக்கு மெதுவாகத் திரும்பும். நுணுக்கமாகக் குறி பார்க்கட்டும் என்பதற்காக. அதன் பிறகு நடக்கும்போது வினாடிக்குச் சுமார் 123 பாகை, ஓடும்போது சுமார் 246 பாகை. முதுகுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டு முழுதாகத் திரும்ப, ஷிஃப்ட் அழுத்தாமல் ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். ஷிஃப்ட்டோடு கிட்டத்தட்ட 0.86 வினாடி. மவுஸில் இது ஒரு மணிக்கட்டு அசைவு.

கீபோர்டுக்காரர் திரும்பி முடிக்கும் முன் பின்னால் நிற்கும் அசுரன் ஒரு கடி கடித்துவிடுவான். மவுஸ்காரருக்கு அவன் தயாராகும் முன்பே நேரம் கிடைத்துவிடும். நிரலில் ஒரு வரி கூட மாறவில்லை. கடினம் மட்டும் மாறிவிட்டது.

இன்னொரு முக்கியமான வித்தியாசம் வட்டமடித்தல். எதிரியைப் பார்த்தபடியே அவரைச் சுற்றிப் பக்கவாட்டில் ஓடுவதற்கு, ஒரே சமயத்தில் திரும்பவும் ஸ்ட்ரேஃப் செய்யவும் வேண்டும். ஆல்ட் முறையில் இது முடியாது. திரும்பும் விசைகளே ஸ்ட்ரேஃப் விசைகளாக மாறிவிடுகின்றனவே. காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளில் முடியும். ஆனால் இடது கை கண்ட்ரோலையும் ஷிஃப்ட்டையும் விட்டு வர வேண்டும். மவுஸில் திரும்பி, விசையில் நகர்கிறவருக்கு இது மூச்சு விடுவதுபோல.

ஸ்ட்ரேஃப் இவ்வளவு முக்கியமானதற்குக் காரணம், டூமில் பல எதிரிகளின் தாக்குதல் பறந்து வருவதுதான். இம்ப் என்ற அசுரன் வீசும் தீப்பந்து ஒரு டிக்குக்கு 10 அலகு நகரும். நாம் நடந்தால் சுமார் 8 அலகு. ஓடினால் 16-க்குக் கொஞ்சம் மேல். அதாவது, நடக்கிறவரைத் தீப்பந்து பிடித்துவிடும், ஓடுகிறவரைப் பிடிக்காது. விலகுதல் என்ற திறமை பிறந்த இடம் இதுதான். முன்னேயும் பக்கவாட்டிலும் சேர்த்து ஓடினால் வேகம் இன்னும் சுமார் 28 சதவீதம் கூடும் என்பதை விளையாடியவர்கள் கண்டுபிடித்து, அதையே ஒரு கலையாக வளர்த்தார்கள்.

மேலே கீழே குறி பார்க்க டூமில் வழியில்லை. எதிரி மாடத்தில் நின்றாலும் நேர்கோட்டில் சுட்டால் போதும். உயரத்தை விளையாட்டே சரிசெய்து தோட்டாவை அனுப்பும். கிடைமட்டத்திலும் கொஞ்சம் விலகலை மன்னிக்கும். இதைத்தான் இன்று எய்ம் அசிஸ்ட் என்கிறோம். "குறி உதவி கன்சோல்காரர்களுக்குக் கொடுத்த சலுகை" என்று சண்டை போடுகிறவர்கள் (கன்சோல் என்பது டிவியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவி) இதைக் கவனிக்க வேண்டும்: 1993-இல், கணினியில், எல்லோருக்கும் அது இருந்தது.

டூமின் கடின நிலைகள் வேலை செய்யும் விதம்:

1. எதிரியின் உயிர் எந்த நிலையிலும் மாறாது. இது நல்ல முடிவு. ஒரு இம்ப்புக்கு எத்தனை குண்டு என்று கற்றுக்கொண்டது வீணாகாது.
2. மாறுவது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பது. வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எளிது, நடு, கடினம் என்று மூன்று குறிகள். நிலைகள் ஐந்து ஆனாலும் அடுக்குகள் மூன்றுதான்.
3. மிக எளிய நிலையில் சேதம் பாதி, கிடைக்கும் தோட்டா இரட்டிப்பு.
4. எல்லாவற்றிலும் கடினமான நைட்மேர் நிலை 1994 பிப்ரவரியில் 1.2 பதிப்போடு வந்தது. செத்த அசுரர்கள் குறைந்தது 12 வினாடி கழித்து எழுந்து வருவார்கள். ஏமாற்றுக் குறியீடுகள் வேலை செய்யாது. இம்ப்பின் தீப்பந்து ஒரு டிக்குக்கு 20 அலகு.

அந்த 20 என்ற எண்ணைப் பாருங்கள். ஓடும் நம் வேகம் 16 சொச்சம். மற்ற நான்கு நிலைகளிலும் கால் தீப்பந்தை முந்தும், நைட்மேரில் முந்தாது. எதிரியைக் கூட்டாமல், கைக்கும் எதிரிக்கும் இடையிலான விகிதத்தைப் புரட்டிப் போட்டார்கள். அந்த நிலையைத் தேர்ந்தெடுத்தால் "இது கொஞ்சமும் நியாயமானதல்ல, நிச்சயமா?" என்ற பொருளில் விளையாட்டே கேட்கும். நேர்மையான கேள்வி.

மவுஸில் ஒரு தொல்லையும் இருந்தது. மவுஸை முன்னே தள்ளினால் பார்வை உயராது; ஆள் முன்னே நடப்பார். திரும்பும்போது கை கொஞ்சம் ஏறினால் அசுரன் வாயில் போய் நிற்போம். இந்த முன்பின் அசைவை அடக்கவே நோவெர்ட் என்றொரு சிறு நிரலைப் பயன்படுத்தினார்கள்.

மேலே பார்க்கத் தொடங்கியபோது

1994, 1995 இரண்டும் பரிசோதனை வருடங்கள். பங்கியின் மாரத்தான் 1994 டிசம்பரில் மேக் கணினியில் மவுஸால் மேலும் கீழும் பார்க்கவைத்தது. அதே வருடம் லுக்கிங் கிளாஸ் செய்த சிஸ்டம் ஷாக் குனிய, தவழ, சாய எல்லாம் விட்டது. ஆனால் மவுஸ் திரையில் சுட்டியாக அலைந்தது, திரும்புவது விசைகளால். இன்று அதைத் தொடுகிறவர் திணறுவது இதனால்தான். 2015-இல் வந்த மேம்பட்ட பதிப்பு மவுஸ் பார்வையைச் சேர்த்ததும் ஆட்டமே வேறானது. ஆனால் கடினத்தைப் பொறுத்தவரை சிஸ்டம் ஷாக் அன்றே முன்னால் நின்றது: சண்டை, புதிர், கதைப்பணி, சைபர்வெளி என்று நான்கு தனித்தனி அளவுகோல்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 3 வரை. கதைப்பணியை 3-இல் வைத்தால் மொத்த விளையாட்டுக்கும் 7 மணி நேரக் கெடு. இவ்வளவு தெளிவான பிரிப்பை இன்றைய விளையாட்டுகள் பலவற்றிலும் காண முடியாது.

டார்க் ஃபோர்சஸ் 1995-இல் குதித்தலையும் குனிதலையும் சேர்த்தது. ஆனால் பணியின் நடுவே சேமிக்க விடவில்லை. மூன்றாவது வகைக் கடினம் அங்கே திரும்பி வந்தது.

1996 ஜூனில் குவேக். உலகம் உண்மையான முப்பரிமாணம். எதிரிகள் தலைக்கு மேலே, காலுக்குக் கீழே. ஆனால் ஆரம்ப அமைப்பில் அம்புக்குறிகள்தான் நகர்த்தின! பின்சாய்வு விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் மவுஸ் பார்வையை மாற்றும். விட்டால் மறுபடி ஆளை நடத்தும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கட்டளைத் திரையைத் திறந்து நாமே எழுத வேண்டும். வழியைத் திறந்து வைத்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்பதை விளையாடுகிறவர்களிடம் விட்டுவிட்டார்கள்.

கடின நிலையைத் தேர்ந்தெடுக்கக் குவேக்கில் மெனு இல்லை. ஒரு கூடத்தில் நடந்துபோய் வாசலில் நுழைய வேண்டும். நைட்மேருக்கான வாசல் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் அதற்குத் தகுதியானவர்.

டபிள்யூ, ஏ, எஸ், டி எப்படி வென்றது

விசைகளை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள குவேக் விட்டதால் ஆளுக்கொரு அமைப்பு. வலைப்பின்னல் வழியாக ஒருவரோடு ஒருவர் மோதத் தொடங்கியதும், எந்த அமைப்பு மேல் என்பது தோல்வியில் தெரிந்தது. 1997-இல் ரெட் ஆனிஹிலேஷன் என்ற குவேக் போட்டியில் த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் வென்று, குவேக்கின் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரைப் பரிசாக எடுத்துப்போனார். இடது கை டபிள்யூ-ஏ-எஸ்-டி, வலது கை மவுஸ் என்பது அவருடைய முறை. அவருடைய அமைப்பைப் பலர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நான்கு விசைகளில் ஏ-யும் டி-யும் திரும்புவதற்கு அல்ல, ஸ்ட்ரேஃபுக்கு. திரும்பும் வேலை முழுவதும் மவுஸுக்குப் போய்விட்டது. சுற்றிலும் எட்டும் தூரத்தில் பத்துப் பதினைந்து விசைகள் வேறு. 1998 நவம்பரில் ஹாஃப்-லைஃப் இதையே ஆரம்ப அமைப்பாகத் தந்தது. 

கன்சோலில் அதே கணக்கு மறுபடி

1997-இல் நின்டெண்டோ 64-இல் டூரோக்கும் கோல்டன்ஐ-யும் வந்தன. கோல்டன்ஐ, விரலால் சாய்க்கும் ஒரே ஸ்டிக்கில் நடக்கவும் திரும்பவும் வைத்து, தானாகக் குறி பிடிக்க உதவியது. கடின நிலை கூடினால் முடிக்க வேண்டிய பணிகளைக் கூட்டியது. அணைக்கட்டுக் கட்டத்தில், ஏஜென்ட் என்ற எளிதான நிலையில் கீழே குதித்தால் போதும்; 00 ஏஜென்ட் என்ற கடினமான நிலையில் அலாரங்களை அழித்து, மோடம் பொருத்தி, தரவையும் எடுத்துக்கொண்டுதான் குதிக்க முடியும். 2000-இல் பிளேஸ்டேஷனின் ஏலியன் ரெசரெக்‌ஷன் இடது ஸ்டிக் நகர, வலது ஸ்டிக் பார்க்க என்று வைத்தது. அதைக் குழப்பம் என்று அன்றைய விமர்சனம் சாடியது. அடுத்த வருடமே ஹேலோ ஏறக்குறைய அதே அமைப்போடு வந்து அதைப் பொது வழக்காக்கியது.

ஹேலோ வென்றதற்குக் காரணம் ஸ்டிக் மட்டும் அல்ல. மவுஸ், "இந்த இடத்தைப் பார்" என்று இடத்தைச் சொல்கிறது. ஸ்டிக், "இந்த வேகத்தில் திரும்பு" என்று வேகத்தைச் சொல்கிறது. எங்கே நிறுத்துவது என்பதை விரல் தனியாகக் கணிக்க வேண்டும். டூமின் அம்புக்குறி விசையும் இதே ஸ்டிக் குடும்பம்தான். அதனால்தான் இரண்டுக்கும் ஒரே மருந்து: ஹேலோவில் குறி எதிரி மேல் வரும்போது திரும்பும் வேகம் குறையும், தோட்டாவும் சற்று எதிரி பக்கம் சாயும். கூடவே, சற்று ஒதுங்கி நின்றால் மீண்டு வரும் கேடயத்தையும் கொடுத்தார்கள். கை தவறுவது சாதாரணம் என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு தவறுக்கும் நிரந்தரத் தண்டனை தராத ஏற்பாடு அது.

இன்று பழையவற்றைத் தொடுகிறவருக்கு

1. டூமை மவுஸிலும் டபிள்யூ-ஏ-எஸ்-டியிலும் விளையாடுகிறவர் நான்காவது நிலையான அல்ட்ரா-வயலன்ஸில் தொடங்கலாம். முப்பது வருடத்துக்கு முன் மூன்றாவது நிலை கீபோர்டுக்காரருக்குக் கொடுத்த நெருக்கடிக்கு அது பக்கத்தில் வரும் என்பது என் கணிப்பு.
2. மேலும் கீழும் பார்க்கும் வசதி சில புதிய இயக்க நிரல்களில் உண்டு. அதைப் போட்டுவிட்டு, தானாக உயரம் சரிசெய்வதை நிறுத்தினால் ஆட்டம் கடினமாகும். மூலத்தில் இல்லாத கடினம் அது.
3. வூல்ஃபென்ஸ்டைனில் மவுஸ் அவ்வளவு உதவாது. தாயம் உருட்டும் தோட்டாவுக்கு எந்தக் கையும் விலக முடியாது. கதவைத் திறந்துவிட்டுப் பின்வாங்கி, தூரத்தில் நின்று சுடுங்கள். 63-ஐ 15 ஆக்குவது அந்த இடைவெளிதான்.
4. மூல அனுபவம் வேண்டும் என்கிறவர் டூமின் முதல் கட்டத்தை அம்புக்குறி, கண்ட்ரோல், ஷிஃப்ட் மட்டும் வைத்து ஒருமுறை முடித்துப் பாருங்கள். ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழையும் முன் எந்தப் பக்கம் முதுகைக் காட்டுவது என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். மவுஸ் கையில் இருக்கும்போது அந்த யோசனை வருவதே இல்லை.